பிளஸ் ஒன் லீவில் ஒரு வேலை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு மேலே என்ன படிப்பது என்று யோசிப்பதைவிட, பிளஸ் ஒன் லீவிலேயே பிள்ளையைப் பத்து நாள் ஒரு வேலையிடத்துக்கு அனுப்பிப் பாருங்கள். டெல்டாவில் இடத்துக்கா பஞ்சம்? அறுவடை மெஷின் பட்டறை, அரிசி ஆலை, வயலுக்கு ட்ரோனில் மருந்தடிப்பவர். (ட்ரோன் பைலட் சான்றிதழ் வாங்கப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் வேண்டும், அப்புறம் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி.) மெஷினைத் தொட வேண்டாம், வேடிக்கை பார்த்தாலே போதும்.

ஆனால் ஒரு கேள்வியை அவசியம் கேட்கச் சொல்லுங்கள்: “முன்னே இந்த வேலைக்கு எத்தனை ஆள், இப்போ எத்தனை?” என் மகள் ஓர் ஆலையில் கேட்டாள். அரிசியில் கறுத்துப்போனதைப் பொறுக்க முன்பு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. கேமராவால் நிறம் பார்த்துக் கறுத்ததை ஒதுக்கும் கலர் சார்ட்டர் மெஷினும் அதைச் சரிபார்க்க ஓர் ஆளும்தான். அந்த ஆள் என்ன படித்தார் என்பதுதான் அவளுடைய அடுத்த கேள்வி.