பூனை முடி கக்கினால் என்ன செய்வது? புதிதாகப் பூனை வளர்ப்பவர்களுக்கு

விடியப்புறம் மூன்று மணி இருக்கும். பாயில் படுத்திருந்த எங்கள் சுண்டு எழுந்து, உடம்பைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டி "ஹக்... ஹக்..." என்று இழுக்கத் தொடங்கியது. லைட்டைப் போட்டுப் பார்த்தேன். விரல் நீளத்தில், நனைந்த தும்பு போல ஒன்று பாயில் கிடந்தது. அதுதான் முடி உருண்டை. உருண்டை என்று சொன்னாலும் சுருட்டு மாதிரி நீளமாகத்தான் வரும். ஒடுங்கிய உணவுக்குழாய் வழியாக வெளியே வருவதால் அந்த வடிவம்.

பூனையின் நாக்கை உங்கள் விரலில் நக்க விட்டுப் பாருங்கள், அரத்தாள் போல உராயும். அதிலுள்ள சின்னச் சின்ன முட்கள் எல்லாம் தொண்டைப் பக்கமாக வளைந்தவை. அதனால் நாக்கில் ஒட்டிய முடியைத் துப்ப அதற்கு வழியில்லை, விழுங்கத்தான் வேண்டும். முடி செரிக்காது. பெரும்பகுதி மலத்தோடு போய்விடும், மிஞ்சியது வயிற்றில் திரளும். ஆகவே நாக்குக்குப் போகுமுன் உதிர்ந்த முடியை நாம் எடுத்துவிட வேண்டும். பேஸ்ட், மருந்தெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் படி: சீப்பு

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வளரும் பூனைக்குக் குளிர்காலம் ஏது? ஆண்டு முழுக்க முடி கொட்டும். குட்டை முடிப் பூனைக்குக் கிழமைக்கு இரண்டு தரம் போதும். பேர்ஷியன் போன்ற நீள முடிப் பூனைக்கு ஒவ்வொரு நாளும் வேண்டும்.

சாப்பிட்டுவிட்டுச் சோம்பலாகப் படுத்திருக்கும் நேரம் பாருங்கள். கன்னம், கழுத்தில் தொடங்குங்கள், அங்கே வருடினால் அதற்குப் பிடிக்கும். பிறகு முதுகு, முடி படிந்திருக்கும் திசையிலேயே. வயிறு கடைசியில், அதுவும் அது விட்டால்தான். முதல் நாட்களில் இரண்டு நிமிடம் போதும். வாலை வெடுக்கென்று ஆட்டினால் நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் கையை நனைத்து உதறிவிட்டு முதுகில் தடவுங்கள், சீப்பில் வராத முடியும் கையோடு வரும். நான் முதல்நாள் சேர்த்த முடி ஒரு கோழிமுட்டை அளவு இருந்தது. அவ்வளவும் அந்தச் சின்ன வயிற்றுக்குள் போயிருக்குமே என்று நினைக்க மனம் பதறியது.

முடி சிக்குப் பிடித்திருந்தால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து எழும்பி வெட்டுப்படும். கொஞ்சம் சோளமா தூவி விரலால் பிரியுங்கள்.

சீப்பில் கறுப்புத் துணிக்கைகள் வந்தால் ஈரமான வெள்ளை டிஷூவில் தட்டுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. தெள்ளு கடிக்கும் பூனை ஓயாமல் நக்கும், முடியும் அதிகம் விழுங்கும். ஆனால் நாய்க்கு விடும் தெள்ளு மருந்தைப் பூனைக்கு விட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி இருந்தால் பூனை இறந்தே போகலாம்.

இரண்டாம் படி: சாப்பாடும் தண்ணீரும்

வயிறு நன்றாக ஓடினால் முடியும் ஓடும். வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வையுங்கள். காய்ந்த தீனியோடு ஈர உணவும் கொடுங்கள். அவித்து மசித்த பூசணிக்காய் ஒரு தேக்கரண்டி கலந்தால் நார்ச்சத்து சேரும். கறிச்சட்டியில் இருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது, வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சு. சின்னச் சட்டியில் கோதுமை முளைக்கப் போட்டால் அந்தப் புல்லை ஆசையாகக் கடிக்கும்.

மூன்றாம் படி: பேஸ்ட்

பூனைக்கென்றே விற்கும் ஹெயார்போல் பேஸ்ட் குடலை வழுக்க வைத்து முடியைக் கீழே தள்ளும். பெட்டியில் உள்ள அளவை முன்னங்காலில் பூசிவிடுங்கள், தானே நக்கிக்கொள்ளும். சாப்பாட்டோடு கொடுக்க வேண்டாம், இடைநேரத்தில் கொடுங்கள். பெற்றோலியம் ஜெலி சேர்ந்த வகையை மாதக்கணக்கில் தினமும் கொடுத்தால் உணவிலுள்ள சில விற்றமின்கள் உடம்பில் சேராமல் போகலாம்.

"கரண்டியால் தேங்காயெண்ணெய் பருக்கிவிடு, சரியாகும்" என்று அம்மம்மா சொன்னா. அன்போடுதான் சொன்னா, ஆனாலும் நான் செய்யவில்லை. வாயில் ஊற்றும் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் கெட்டுவிடும்.

எப்போது மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும்?

எப்போதாவது ஒருக்கா கக்கிவிட்டு உடனே விளையாடப் போனால் பயமில்லை. திரும்பத் திரும்பக் குமட்டியும் ஒன்றும் வராவிட்டால், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால், மலம் போகாவிட்டால், வயிறு ஊதியிருந்தால் காத்திருக்க வேண்டாம். குடல் அடைத்திருக்கலாம், அப்படியானால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்புப் படிந்து வேறு ஆபத்தும் வரும்.

சாமிப் படத்துப் பூமாலை நூலிலும் கவனம் வேண்டும். நாக்கில் மாட்டினால் அதுவும் உள்ளேதான் போகும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் அறுபடும். அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, முடியே வராமல் அடிக்கடி "ஹக்" என்று இழுத்தால் அது ஆஸ்துமா இருமலாக இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான். அந்த நேரம் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், வைத்தியருக்கு முன்னால் பூனை இருமிக் காட்டாது. கக்கியது ஏதாவது இருந்தால் ஒரு சொப்பிங் பையில் போட்டு அதையும் கொண்டுபோங்கள்.