பத்தில் ஒருவராய்த் திரும்பி வருதல்: கிறிஸ்துமஸ் காலத்தில் நன்றியைப் பழகும் முறை

லூக்கா நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் குஷ்டரோகிகள் பத்துப்பேர் தூரத்தில் நின்று இயேசுவிடம் இரக்கம் கேட்கிறார்கள். ஆசாரியர்களிடம் போய் உங்களைக் காண்பியுங்கள் என்று அவர் சொன்ன வார்த்தையை நம்பிப் பத்துப்பேரும் புறப்படுகிறார்கள். போகும் வழியிலேயே பத்துப்பேரும் சுத்தமாகிறார்கள். அவர்களில் ஒருவன் மட்டும், அதுவும் யூதர்கள் அந்நியனாகக் கருதிய சமாரியன், திரும்பி வந்து அவருடைய பாதத்தருகே விழுந்து ஸ்தோத்திரம் செலுத்துகிறான். மற்ற ஒன்பது பேரை நன்றி கெட்டவர்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர்கள் கட்டளையை மீறவில்லை. சொன்னபடியே ஆசாரியர்களிடம் போனார்கள். இழந்திருந்த வீடும் உறவும் வேலையும் அவர்களுக்கு முன்னால் காத்திருந்தன. அவர்கள் செய்யாமல் விட்டது ஒன்றுதான்: நடையை நிறுத்தித் திரும்பவில்லை. திரும்பி வந்தவனிடமே "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று இயேசு சொல்கிறார். விசுவாசமும் நன்றியும் ஒரே அசைவின் இரண்டு பெயர்கள் என்று எனக்கு விளங்கியது இந்த இடத்தில்தான்.

கிறிஸ்துமஸ் காலம் நம்மை அந்த ஒன்பது பேரைப் போல வேகமாக முன்னால் நடக்க வைக்கும் காலம். செய்ய வேண்டியவை எல்லாம் நல்லவையே. ஆராதனை, பாடல் பயிற்சி, பயணம், விருந்தினர், பரிசு என்று எதிலும் குறை சொல்ல இடமில்லை. ஆகவே நன்றியுணர்வு தானாக உள்ளத்தில் ஊறிவரும் என்று காத்திருந்தால் ஜனவரி வந்துவிடும். நன்றி என்பது முதலில் உணர்ச்சியன்று, திரும்புகிற செயல். அதற்கு நாளும் நேரமும் குறித்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி நான் கைக்கொண்டுவரும் முறையை இங்கே எழுதுகிறேன்.

எப்போது தொடங்குவது

டிசம்பர் 25-க்கு முந்தைய வாரத்தில் தொடங்கினால் தாமதமாகிவிடும். மேற்கத்தியத் திருச்சபை மரபில் அட்வெந்து எனப்படும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். ஆகவே அந்தக் காலம் குறைந்தது 22 நாள், அதிக அளவு 28 நாள் நீளும். அந்த முதல் ஞாயிறு மாலையே ஒரு நோட்டை எடுத்து வையுங்கள். உங்கள் சபையில் இந்தக் காலம் முறைப்படி அனுசரிக்கப்படாவிட்டாலும் நாட்காட்டியில் அந்த ஞாயிற்றைக் குறித்துக்கொண்டு வீட்டில் தொடங்கலாம்.

திருவருகை வளையத்தை இன்று நாம் நான்கு ஞாயிறுகளுக்கான நான்கு மெழுகுவர்த்திகளாகவே அறிந்திருக்கிறோம். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லமொன்றை நடத்திவந்த யோஹான் ஹின்ரிச் விகெர்ன் என்னும் இறையியலாளர், பண்டிகை எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச்சக்கரத்தில் வாரநாள்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகளையும் ஞாயிறுகளுக்குப் பெரியவற்றையும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். காத்திருப்பை நாள்தோறும் கண்ணால் காணச்செய்த அந்த ஏற்பாடு நமக்கும் பொருந்தும். வாரத்துக்கு ஒருமுறை நீண்ட நேரம் உட்கார்வதைவிட, நாள்தோறும் பத்து நிமிடம் உட்கார்வதே நிலைக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது

இரவு உணவுக்குப் பின், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். 16-ஆம் நூற்றாண்டில் லொயோலாவின் இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த அன்றாட மனச்சோதனை, பாவங்களை எண்ணுவதில் தொடங்குவதில்லை. பெற்ற நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வதே அதன் முதல் படி. எந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவரும் இந்த வரிசையைப் பின்பற்றலாம். கடந்துபோன அன்றைய நாளை, காலையிலிருந்து இரவுவரை, மெதுவாகப் பின்னோக்கி நினைத்துப்பாருங்கள். யாரைச் சந்தித்தீர்கள், யார் உங்களுக்காகக் காத்திருந்தார், எந்த இடத்தில் மனம் இளகியது, எந்த இடத்தில் கடினப்பட்டது என்று நடந்ததை நடந்தபடியே கடவுளுக்கு முன் வைத்த பிறகு, ஒன்றே ஒன்றை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

எழுதுவது குறிப்பானதாக இருக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்துவேன். "குடும்பத்துக்காக நன்றி" என்று 25 நாள் எழுதினால், ஐந்தாம் நாளுக்குப் பிறகு கை மட்டுமே எழுதும். மனம் அங்கே இராது. "மூன்று வாரமாகப் பேசாமலிருந்த தம்பி இன்று தொலைபேசியில் தானாக அழைத்தான்" என்று எழுதும்போது நினைவு அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போகிறது. சங்கீதக்காரன் தன் ஆத்துமாவையே கூப்பிட்டு "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று சொல்வது (சங்கீதம் 103:2), மறப்பது நம் இயல்பு என்று அறிந்ததனால்தான். 136-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். அதன் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற ஒரே பல்லவி வருகிறது. ஆனால் பல்லவிக்கு முந்தைய பாதி ஒவ்வொரு முறையும் வேறு. சூரியன், சந்திரன், சிவந்த சமுத்திரம், வனாந்தரம், எதிரி அரசர்களின் பெயர்கள் என்று அது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுகிறது. நன்றியின் இலக்கணம் அந்தச் சங்கீதத்தில் இருக்கிறது.

எழுதி முடித்ததும் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களிலிருந்து ஒரு சிறு பகுதியை வாசியுங்கள். முதல் அதிகாரத்தில் 80 வசனங்கள், இரண்டாவதில் 52. காலம் முழுவதற்கும் இவையே போதும். முதல் வாரத்தில் சகரியாவும் எலிசபெத்தும், இரண்டாம் வாரத்தில் மரியாளுக்கு வந்த செய்தியும் அவளுடைய பாடலும், மூன்றாம் வாரத்திலிருந்து பண்டிகைவரை பெத்லகேமும் மேய்ப்பர்களும், பண்டிகைக்குப் பிறகு, குழந்தை இயேசுவைத் தேவாலயத்தில் கண்ட சிமியோனும் அன்னாளும் என்று நான் பிரித்துக்கொள்கிறேன். நான்காம் வாரம் சில ஆண்டுகளில் ஒரே நாளாகச் சுருங்கிவிடுவதால் அதற்கென்று தனிப் பகுதி ஒதுக்குவதில்லை. சகரியா நன்றிப் பாடலைப் பாடுவதற்கு முன் பல மாதங்கள் பேச முடியாமல் இருந்தார் என்பதையும், மரியாள் தன் பாடலைப் பாடியது பிள்ளை பிறக்கும் முன்பே, எதிர்காலம் எதுவும் தெளிவாகாத நிலையில் என்பதையும் கவனித்து வாசியுங்கள். கண்டபின் நன்றி சொல்வது எல்லாருக்கும் முடியும். காணுமுன் நன்றி சொன்ன அந்த இளம்பெண்ணின் வாயிலிருந்துதான் விசுவாசம் என்றால் என்ன என்று நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்த்து நன்றி சொல்ல வேண்டாம்

பிள்ளைகளுக்கு நன்றியைக் கற்றுக்கொடுக்கும்போது, "உனக்கு இருப்பதுகூட இல்லாத எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதை நினைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்" என்பது நம் வாயில் எளிதாக வந்துவிடுகிறது. நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆயினும் நற்செய்தி நூல்களில் அந்த வடிவில் நன்றி சொன்ன ஒருவர் இருக்கிறார்: தேவாலயத்தில் நின்று, மற்ற மனுஷரைப்போலவும் வரி வசூலிக்கும் இந்த ஆயக்காரனைப்போலவும் தான் இராததற்காக ஸ்தோத்திரம் செலுத்திய பரிசேயர் (லூக்கா 18:11). அவருடைய ஜெபத்தில் நன்றி என்ற சொல் இருந்தது. அது அடுத்தவருடைய தாழ்வின்மேல் நின்றது. பிறருடைய இல்லாமையை அளவுகோலாக வைத்து நம் நிறைவை அளந்தால், நம்மைவிட அதிகம் உடையவரைக் காணும் நாளில் அதே அளவுகோல் நம்மைப் பொறாமையில் கொண்டுபோய் நிறுத்தும். பிள்ளைகளிடம் "இது யார் கையால் உனக்கு வந்தது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி அவர்களைக் கொடுத்தவரிடம் திருப்புகிறது.

துயரத்தில் இருப்பவர்களுக்கு

என் தாயார் இறந்த ஆண்டின் டிசம்பரில் நான் நோட்டைத் திறந்து, எழுத ஒன்றும் இல்லாமல் மூடிய இரவுகள் பல. அன்பான சிலர் "எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லியிருக்கிறதே" என்று நினைவூட்டினார்கள். அந்த வசனம் (1 தெசலோனிக்கேயர் 5:18) மெய்யானது. ஆனால் துக்கத்தில் இருப்பவரை வாயடைக்க அது எழுதப்படவில்லை. அதை எழுதிய பவுலே, அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றும் எழுதினார் (ரோமர் 12:15). லாசருவின் கல்லறைக்கு முன் இயேசு கண்ணீர் விட்டார். கல் அகற்றப்பட்டதும் அதே இடத்தில் நின்று, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றார் (யோவான் 11:35, 41). கண்ணீருக்கும் ஸ்தோத்திரத்துக்கும் நடுவில் ஐந்தாறு வசனங்களே இருக்கின்றன, ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

ஆகவே இந்த ஆண்டு வீட்டில் ஒரு நாற்காலி வெறுமையாக இருந்தால், நோட்டின் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் முறையீட்டை எழுதுங்கள். 13-ஆம் சங்கீதம் அதற்கு நல்ல வழிகாட்டி. ஆறே வசனங்கள் கொண்ட அது "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்ற கேள்வியில் தொடங்கிப் பாட்டில் முடிகிறது. இன்றைக்கு அந்தப் பாட்டுவரை போக முடியாவிட்டால் 88-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளலாம். அது இருளிலேயே முடிகிறது, அப்படியிருந்தும் வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. மறுபாதியை வெறுமையாக விட்டாலும் குற்றமில்லை. அந்த ஆண்டு என் நோட்டில் டிசம்பர் 19 அன்றுதான் மறுபாதியில் முதல் வரி வந்தது: பக்கத்து வீட்டு மூதாட்டி ஒன்றும் பேசாமல் அரைமணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தார் என்பதே அந்த வரி.

திருச்சபை நாட்காட்டியும் இந்த வகையில் உண்மையாகவே நடந்துகொள்கிறது. மேற்கத்திய மரபில் டிசம்பர் 26 இரத்தசாட்சியான ஸ்தேவானின் நாள். டிசம்பர் 28, ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நினைவு நாள். பிறப்பின் மகிழ்ச்சிக்கு மிக அருகில் இந்த நாள்களை வைத்தவர்கள் துயரத்தை மறைத்துக்கொண்டு பண்டிகை கொண்டாடச் சொல்லவில்லை.

மனிதரிடமும் திரும்ப வேண்டும்

கடவுளுக்கு மட்டும் நன்றி சொல்லி, அவர் அனுப்பிய மனிதரை மறந்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வாரத்துக்கு ஒருவராக நான்கு பேரைத் தேர்ந்துகொண்டு அவர்களுக்குக் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் செய்தது என்ன, அதனால் உங்கள் வாழ்க்கையில் எது மாறியது என்ற இரண்டும் இருந்தால் போதும். வசனங்களால் நிரப்ப வேண்டியதில்லை. பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தைப் பாருங்கள். சிறையிலிருந்து எழுதப்பட்ட அந்தக் கடிதத்தின் கடைசி அதிகாரத்தில், அவர்கள் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவியை அவர் பெயரோடும் விவரத்தோடும் குறிப்பிடுகிறார். நான்கு பேரில் ஒருவராவது, நீங்கள் நன்றி சொல்லத் தவறி நெடுநாள் ஆனவராக இருக்கட்டும். அந்தக் கடிதம்தான் எழுதக் கடினமானது, ஆகவே முதலில் அதை எழுதிவிடுவது நல்லது.

கொடுப்பதைப் பற்றி உபாகமம் 26-ஆம் அதிகாரம் ஒரு முழு ஒழுங்கைத் தருகிறது. முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுபோகிறவர், பேசாமல் வைத்துவிட்டுத் திரும்புவதில்லை. எகிப்தில் அடிமையாக இருந்த தன் முன்னோரின் கதையை வாய்விட்டுச் சொல்கிறார். பிறகு ஆலயப் பணி செய்யும் லேவியனோடும் தன் நடுவில் இருக்கும் அந்நியனோடும் சேர்ந்து மகிழ்கிறார். காணிக்கை, கதை, பகிர்வு ஆகிய மூன்றும் அங்கே பிரியாமல் இருக்கின்றன. உங்கள் வீட்டில் காணிக்கை எடுத்துவைக்கும் இரவில், இந்த ஆண்டு அந்தப் பணம் உங்களை எப்படி வந்தடைந்தது என்பதைக் குடும்பத்தார் முன் சொல்லுங்கள். பண்டிகை நாளில் தனியாக இருக்கக்கூடிய ஒருவரை நினைத்துப் பெயர் சொல்லி அழையுங்கள்.

25-ஆம் தேதிக்குப் பிறகு

பலருடைய நோட்டு டிசம்பர் 24-ஆம் தேதியோடு நின்றுவிடும். கிறிஸ்துமஸ் காலம் அன்று இரவில்தான் தொடங்குகிறது. ஜனவரி 5 வரை 12 நாள் நீண்டு, ஜனவரி 6 அன்று, ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைக்கும் பிரசன்னத் திருநாளில் சென்று சேர்கிறது. மேய்ப்பர்கள் வந்து போனபின் மரியாள் அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்துச் சிந்தித்தாள் என்று லூக்கா எழுதுவது (2:19) இந்தப் பன்னிரண்டு நாளுக்கான வேலையைச் சொல்வதுபோல் இருக்கிறது. விருந்தினர் போய் வீடு அமைதியாகும் அந்த நாள்களில், சிமியோனையும் ஏறக்குறைய எண்பத்துநாலு வயதான அன்னாளையும் மெதுவாக வாசியுங்கள்.

ஆண்டின் கடைசி இரவில் நோட்டை முதற்பக்கத்திலிருந்து வாசித்து, சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொன்ன பகுதியோடு (1 சாமுவேல் 7:12) சேர்த்து ஜெபியுங்கள். அந்தக் கல்லுக்கு அவர் இட்ட எபெனேசர் என்ற பெயர், மூன்று அதிகாரங்களுக்கு முன் இஸ்ரவேலர் பாளயமிறங்கித் தோற்றுப்போன இடத்தின் பெயராக வருகிறது. உங்கள் நோட்டிலும் தோல்வியின் பக்கங்கள் இருக்கும். அவற்றைக் கிழிக்காமல் வாசியுங்கள்.

ஜனவரி 6 மாலையில் கடைசி வரியை எழுதி, அனுப்பாமல் விட்ட கடிதம் ஏதேனும் இருந்தால் அனுப்பிவிட்டு, நோட்டை வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். அடுத்த திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு மாலையில் புதிய நோட்டைத் தொடங்குமுன் இதை எடுத்து, ஏதாவது ஒரு பக்கத்தை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.