பிரெஞ்சு ஹார்ன்: உதட்டின் மேல் பழி போடும் முன்

சுரம் பிசகும்போதெல்லாம் உதட்டில் வலு போதவில்லை என்று நினைத்துக்கொள்வதுதான், பிரெஞ்சு ஹார்ன் என்ற சுருண்ட பித்தளை ஊதுகருவியைக் கற்பவர்கள் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

எஃப் சுருதியில் அமைந்த ஹார்னின் சுருளை நீட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 12 அடி வரும். டிரம்பெட்டின் குழாய் நாலரை அடிதான். எந்தக் குழாயிலும் மேலே போகப் போக, உதட்டை மாற்றியே எழுப்பும் மேற்சுரங்கள் ஒன்றையொன்று நெருங்கும். ஹார்னில் அன்றாடம் ஊதும் சுர எல்லையே அந்த நெருக்கத்தில்தான் அமைந்திருக்கிறது. விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றும் வால்வைத் தொடாமலே, உதடு மயிரிழை அசைந்தால் பக்கத்துச் சுரம் ஒலித்துவிடும். அதனால்தான் பெரிய இசைக்குழுக்களின் முதல் ஹார்ன் கலைஞர்களுக்கும் சுரம் உடைகிறது. எந்தச் சுரம் வரவேண்டும் என்பதை ஊதுவதற்கு முன்பே மனம் கேட்டிருக்க வேண்டும். முதலில் பாடுங்கள், குரல் எட்டாவிட்டால் ஒரு ஸ்தாயி கீழே பாடுங்கள். பிறகு ஊதுங்கள்.

இதைச் செய்யாதவர்கள் மவுத்பீஸை உதட்டில் அழுத்தத் தொடங்குகிறார்கள். இடக்கைச் சுண்டுவிரல் கொக்கியில் மாட்டியிருப்பதால், அந்த விரலே கருவியை முகத்தை நோக்கி இழுக்கிறது. அழுத்தினால் மேல்சுரம் அப்போதைக்கு வந்துவிடும். ஏமாற்றமும் அங்கேதான் இருக்கிறது. உதட்டில் இரத்த ஓட்டம் தடைபடுகிறது, ஒலி மெலிகிறது, அரை மணி நேரத்தில் உதடு மரத்துப்போகிறது. மேலுதட்டில் மூன்றில் இரண்டு பங்கு, கீழுதட்டில் ஒரு பங்கு என்று மவுத்பீஸை வைத்து, மூச்சை நிறைத்து ஊதுங்கள். பயிற்சியில் ஊதிய நேரத்துக்கு ஈடாக ஓய்வும் வேண்டும். வலித்த பிறகு எடுக்கும் ஓய்வு காலம் கடந்த ஓய்வு.

வலக்கையைப் பற்றிக் கற்பவர்கள் யோசிப்பதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். வால்வு வருவதற்கு முன், மணிபோல் விரிந்த வாய்க்குள் கையை வைத்து, திறந்தும் மூடியும்தான் விடுபட்ட சுரங்களை வரவழைத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் டிரெஸ்டனில் இருந்த அன்டோன் ஹாம்பெல் இந்த முறையைச் செம்மைப்படுத்தியவராக அறியப்படுகிறார். மோட்சார்ட்டின் ஹார்ன் கான்செர்டோக்கள் (தனி ஹார்னும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) அந்தக் கைக்காகவே எழுதப்பட்டவை. இன்றும் கை கூடுதலாக உள்ளே போனால் சுருதி இறங்கி ஒலி மங்கும். வெளியே வந்தால் சுருதி ஏறி ஒலி கரகரக்கும். தண்ணீர் ஏந்துவதுபோல் விரல்களை இடைவெளியின்றிச் சேர்த்து, அவற்றின் பின்புறம் உலோகத்தில் படும்படி வையுங்கள். பலர் குழாயை இழுத்துச் சுருதி சேர்த்த பிறகு கையை மாற்றுகிறார்கள். முதலில் கையின் நிலை உறுதியாகட்டும். கருவியையும் ஊதிச் சூடாக்குங்கள்; குளிர்ந்த ஹார்னில் சுருதி தாழ்ந்தே இருக்கும்.

இசைக்குழுவுக்குள் நுழைந்ததும் வேறொரு தவறு காத்திருக்கிறது. ஹார்னின் வாய் பின்னோக்கி இருப்பதால், ஒலி பின்சுவரில் பட்டுத்தான் அரங்குக்குப் போகிறது. வயலின்களின் ஒலியைக் கேட்டு அதோடு சேர்ந்து ஊதினால், நடத்துநருக்குத் தாமதமாகவே கேட்கும். அவருடைய கோலைப் பார்த்து, அதை நம்பி ஊத வேண்டும்.

ஏட்டில் எழுதியதைத் தன் ஹார்னின் சுருதிக்கு மாற்றி வாசிக்கும் பயிற்சியைத் தள்ளிப்போடுபவர்கள் பீத்தோவனிலும் பிராம்ஸிலும் தடுமாறுவார்கள். அந்த ஏடுகள் ஈ, டி, ஈ-ஃபிளாட் என்று பல சுருதி ஹார்ன்களுக்கு எழுதப்பட்டவை. ஜெர்மன் ஏட்டில் 'பி' என்றால் பி-ஃபிளாட். 'எச்' என்றால்தான் பி. இந்த ஒரு குழப்பம் ஒத்திகை முழுவதையும் நிறுத்திவிடும்.

நான்காம் நாற்காலி கிடைத்தால் தாழ்வாக எண்ணாதீர்கள். நான்கு ஹார்ன்களில் ஒன்றும் மூன்றும் மேல் எல்லையையும், இரண்டும் நான்கும் கீழ் எல்லையையும் ஏற்பது வழக்கம். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில், மெதுவாக நகரும் மூன்றாம் பகுதியில் வரும் புகழ்பெற்ற தனி ஹார்ன் வரிகள் நான்காம் ஹார்னுக்கு உரியவை. அதேபோல், முதல் ஹார்னுக்கு உதவியாளர் அமர்த்தப்பட்டிருந்தால், உரத்த இடங்களை அவரிடம் விட்டு உதட்டைக் காத்துக்கொள்ளுங்கள். கௌரவம் பார்த்து எல்லாவற்றையும் தானே ஊதுபவருக்கு, கடைசிப் பக்கத்தில் தனி வரி வரும்போது உதடு மிஞ்சியிருக்காது.

காதடைப்பானை வெட்கமாகக் கருதுவதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 2012-இல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் வாக்னரின் ஓபரா ஒன்றுக்கு நடந்த ஒத்திகையில், பித்தளைக் கருவிகளுக்கு முன்னால் அமர்ந்திருந்த ஒரு வயோலா கலைஞரின் செவித்திறன் பாதிக்கப்பட்டது. 2018-இல் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தக் கருவிகளுக்கு நடுவிலேயே ஆண்டுக்கணக்கில் அமர்பவர்கள் ஹார்ன்காரர்கள். அடைப்பானைப் போட்டதும் தன் ஒலியே மண்டைக்குள் முழங்குவதாகத் தோன்றும்; பலர் அன்றே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கச்சேரி நாளில் முதன்முறையாகப் போடாமல், சில வாரங்களுக்கு முன்பே வீட்டுப் பயிற்சியில் நாளுக்குப் பத்து நிமிடம் போட்டு ஊதிப் பழகுங்கள்.