டென்ஷனை எழுதிப் பார்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா, நாளுக்கு 15 நிமிடம் போதும். ஃபோனிலும் எழுதலாம், ஆனால் நடுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் அன்றைய எழுத்து அதோடு சரி.

1. நோட்டை வைக்க யார் கையும் படாத இடம் பாருங்கள். யாராவது படிப்பார்களோ என்ற பயம் இருந்தால் உண்மை வெளியே வராது. இடமில்லையா? தனித்தாளில் எழுதிக் கிழித்துப் போடுங்கள். தேதி, நேரம், மூன்றாம் படியில் போடும் மதிப்பெண் ஆகியவற்றை மட்டும் குறித்து வையுங்கள்.

2. நடந்ததை மட்டும் மூன்று வரியில் எழுதுங்கள். சிசிடிவி கேமராவில் பதியக்கூடியது மட்டும்: "காலை 10.40. 'ரிப்போர்ட் இன்னும் வரலையா?'னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் கேட்டார். 'மதியம் தர்றேன் சார்'னு சொன்னேன்." 'அவமானப்படுத்தினார்' என்று இங்கே எழுதக்கூடாது. அது நடந்ததல்ல, நீங்கள் நினைத்தது. பலரும் சறுக்குவது இந்தப் படியில்தான். இரண்டும் கலந்துவிட்டால் பிறகு எதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

3. இப்போது அந்த நினைப்பு: "நான் லாயக்கில்லைனு முடிவு பண்ணிட்டார்." பக்கத்தில் உணர்ச்சியின் பெயரும் 100-க்கு ஒரு மதிப்பெண்ணும்: வெட்கம் 70, பயம் 40. மொட்டையாக 'டென்ஷன்' என்று எழுதாதீர்கள். பயத்துக்குச் செய்ய வேண்டியது வேறு, கோபத்துக்கு வேறு.

4. அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன? போன வாரம் புது வேலையை நம்பிக் கொடுத்தவரும் அவர்தானே? எழுதியபின் மறுபடி மதிப்பெண் போடுங்கள். 70 என்பது 50 ஆனாலே நல்ல இறக்கம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய, நினைப்புகளைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை முறையில் பயன்படும் நினைப்புப் பதிவின் எளிய வடிவம் இது.

5. நாளை செய்யக்கூடிய ஒரே ஒரு சின்ன வேலை.

எழுதி முடித்ததும் மனசு கொஞ்சம் கனக்கலாம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986 ஆய்வில் 4 நாள், தினம் 15 நிமிடம், மனதை உலுக்கியவற்றை உணர்ச்சியோடு எழுதிய மாணவர்களுக்கும் உடனடியாகச் சோர்வுதான் வந்தது. பிந்தைய மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. எழுதியதும் மனசு கனக்கும் என்பதால் தூங்கப் போகும் நேரத்தில் இதைத் தொடாதீர்கள். படுக்கையில் நாளைய வேலைப் பட்டியல் போதும். அதை 5 நிமிடம் எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கியதாக அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வு சொல்கிறது.

மூன்று நாளாக ஒரே புலம்பல்தான் வருகிறதா? கொட்டித் தீர்ப்பதாக நினைத்து அதையே கிளறிக்கொண்டிருக்கிறீர்கள். 'நான்' என்பதை விட்டு உங்கள் பெயரைப் போட்டு, வேறொருவர் கதைபோல் எழுதுங்கள். 'ஏனென்றால்', 'அதனால்' என்று வாக்கியங்களைக் கோத்துப் பாருங்கள். பல நாள் தூக்கமே இல்லை, அல்லது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் நோட்டு போதாது. இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண்களையும் நேரத்தையும் மட்டும் வரிசையாகப் பாருங்கள். உயர்ந்த எண்கள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாட்களிலேயே விழுந்திருந்தால், முதலில் சாப்பாட்டு நேரத்தைச் சரிசெய்து, அடுத்த வாரம் எண் இறங்குகிறதா என்று பாருங்கள்.