புது சப்ஊஃபரில் பேஸ் இல்லையா? கெயினைத் திருகும் முன் இதையெல்லாம் பாருங்கள்

காரில் சப்ஊஃபர் மாட்டியாகிவிட்டது. ஆம்பில் (ஆம்ப்ளிஃபையர்) பவர் விளக்கு எரிகிறது, டிக்கியைத் திறந்து காதை வைத்தால் ஏதோ முனகுகிறது. ஆனால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இந்த இடத்தில் எல்லோருடைய கையும் நேராகப் போவது கெயின் குமிழுக்கு, அடுத்து பேஸ் பூஸ்டுக்கு. இப்போதைக்கு இரண்டையும் தொடாதீர்கள்.

புதிதாக மாட்டிய சிஸ்டத்தில் பேஸ் மெலிந்து கேட்டால், வாட்ஸ் போதாததுதான் காரணம் என்பது அபூர்வம். பெரும்பாலும் ஏதோ ஒரு செட்டிங் பேஸை வழியிலேயே வெட்டிவிடுகிறது, இல்லையென்றால் ஒரு ஒலி இன்னொரு ஒலியை ரத்து செய்கிறது. இந்த இரண்டுக்கும் கெயினைக் கூட்டுவது மருந்தல்ல. சூடுதான் மிஞ்சும்.

ஆம்ப் ஆன் ஆகவே இல்லை, புரொடெக்ட் விளக்கு (ஆம்ப் கோளாறு கண்டு தன்னையே நிறுத்திக்கொண்டதைக் காட்டுவது) எரிகிறது என்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. அது வேறு வகைக் கோளாறு.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி ஒன்று, இரண்டு துண்டு வயர், ஸ்க்ரூ டிரைவர். போனில் 40, 50, 60, 80 ஹெர்ட்ஸ் சைன் டோன்கள்.

மல்டிமீட்டர் விஷயத்தில் என் கட்சி எப்போதும் மலிவானதுதான். சாதாரண மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50, 60 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் சரியாகக் காட்டும்படியே செய்யப்பட்டவை. நாமும் 50 ஹெர்ட்ஸ் டோன் வைத்துத்தான் அளக்கப் போகிறோம், அதனால் விலை உயர்ந்த மீட்டரால் கூடுதல் லாபம் இல்லை. ஒலி அளக்கும் போன் ஆப்களை எனக்குப் பிடிக்காது. போன் மைக்குகள் தாழ்ந்த ஒலிகளை ஒழுங்காகப் பிடிப்பதில்லை. ‘முன்பைவிடக் கூடியதா, குறைந்ததா’ என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும், போனை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, பயன்படுத்தலாம்.

1. ஹெட் யூனிட்

ஹெட் யூனிட் என்பது டாஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ. அதன் மெனுவில் சப்ஊஃபர் அவுட் ஆனில் இருக்கிறதா, அதன் லெவல் மைனஸில் கிடக்கிறதா என்று பாருங்கள். பல யூனிட்களில் பின்பக்க ஆர்சிஏ ஜோடி (ஆம்புக்கு சிக்னல் போகும் சாக்கெட்டுகள்) ஒன்றே ரியருக்கும் சப்புக்கும் பொது. எது வேண்டும் என்று மெனுவில் சொல்ல வேண்டும். அது ரியரிலேயே இருந்து, ஃபேடரும் (முன், பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பங்கிடுவது) முன்பக்கம் தள்ளியிருந்தால் ஆம்புக்குப் போகும் சிக்னல் சுருங்கிவிடும். ப்ளூடூத்தில் கேட்பவர்கள் போனின் வால்யூமையும் முழுதாக வையுங்கள்.

2. ஆம்பின் ஃபில்டர் குமிழ்கள்

ஃபில்டர் சுவிட்ச் எல்பிஎஃப்-இல் (தாழ்ந்த ஒலிகளை மட்டும் விடுவது) இருக்க வேண்டும். எச்பிஎஃப்-இல் (உயர்ந்த ஒலிகளை மட்டும் விடுவது) இருந்தால் சப்புக்கு வேண்டியதை வெட்டிவிட்டு வேண்டாததை அனுப்பும். எல்பிஎஃப் குமிழை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள்.

சப்சானிக் என்று இன்னொரு குமிழ் இருக்கும். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. அது தனக்குக் கீழே உள்ளதை வெட்டும், எல்பிஎஃப் தனக்கு மேலே உள்ளதை வெட்டும். சப்சானிக் 50-இலும் எல்பிஎஃப் 50-இலும் நின்றால் நடுவில் மிஞ்சுவது என்ன? அதைத்தான் நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மூடிய பெட்டி என்றால் சப்சானிக்கை ஆஃப் செய்யலாம் அல்லது கீழ்க்கோடியில் விடலாம். போர்ட் (காற்று போய்வரும் துளை) உள்ள பெட்டிக்கு அது அவசியம், பெட்டியின் டியூனிங்குக்கு (அந்தப் போர்ட் பலமாக ஒலிக்கும் ஹெர்ட்ஸ்) சற்றுக் கீழே வைக்க வேண்டும்.

ஹெட் யூனிட்டிலும் எல்பிஎஃப் போட்டு ஆம்பிலும் போட்டால் இரண்டு வெட்டும் சேர்ந்துகொள்ளும். ஏதாவது ஒன்று போதும். நான் ஹெட் யூனிட்டில் வைத்துவிட்டு ஆம்பில் கடைசி வரை திறந்துவிடுவேன், டிக்கிக்கு ஓட வேண்டியதில்லை. டாஷ்போர்டில் பேஸ் ரிமோட் குமிழ் மாட்டியிருந்தால் அது கீழே இறங்கிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

3. கதவு ஸ்பீக்கரோடு சண்டையா?

பேஸ் நன்றாக உள்ள ஒரு பாட்டைப் போட்டு, கதவு ஸ்பீக்கர்களை முழுதாக அடக்கிவிட்டு சப்பை மட்டும் கேளுங்கள். பிறகு கதவு ஸ்பீக்கர்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டும் சேரும்போது பேஸ் கூட வேண்டும். குறைந்தால், சப் ஒரு திசையிலும் கதவு ஸ்பீக்கர் எதிர்த்திசையிலும் காற்றைத் தள்ளுகின்றன என்று அர்த்தம்.

இதற்குத் தீர்வு சுலபம். ஆம்பில் ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் 0-இலிருந்து 180-க்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆம்பை அணைத்துவிட்டு சப்புக்குப் போகும் பிளஸ், மைனஸ் வயர்களை இடம் மாற்றுங்கள். 60, 80 ஹெர்ட்ஸ் டோன்களை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு விதமாகவும் கேட்டு, எதில் கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தே கேட்க வேண்டும். டிக்கி பக்கம் நின்று கேட்டு முடிவெடுத்தால் வீண்.

‘பிளஸுக்கு பிளஸ்தானே சரி’ என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளம். உங்கள் காதுக்குக் கதவு ஸ்பீக்கரைவிட சப் ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தால், அதுவே அலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பின்தங்கிவிடும். அதனால் வயர் மாற்றிக் கொடுத்தால்தான் சேர்ந்து ஒலிக்கும் வண்டிகள் நிறைய உண்டு. இங்கே காது சொல்வதே சட்டம்.

4. இரட்டைக் காயில் சப்

கூகிளில் தேடுபவர்கள் பெரும்பாலும் மூன்றாவது படியோடு நின்றுவிடுகிறார்கள். ஆம்பில் வயரை மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே போலாரிட்டி (பிளஸ், மைனஸ் திசை) பிரச்சினை இல்லை என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். என் வண்டியில் கோளாறு இருந்தது சரியாக இந்த இடத்தில்தான்.

சப்பின் பின்னால் நான்கு முனைகள் இருந்தால் அதில் இரண்டு வாய்ஸ் காயில்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே உருளையின் மேல் சுற்றப்பட்டவை, ஒரே கோனைத்தான் அசைக்கின்றன. ஒன்றின் பிளஸ், மைனஸ் தலைகீழாக இணைக்கப்பட்டால், ஒரே கதவை ஒருவர் உள்ளிருந்தும் ஒருவர் வெளியிலிருந்தும் தள்ளுவது போல ஆகிவிடும். கோன் லேசாக நடுங்கும், அவ்வளவுதான். ஆம்பிலிருந்து கரண்ட் மட்டும் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும். கோன் அசையாததால் காயிலுக்குக் காற்றோட்டமும் கிடைக்காது. ஆம்ப் கொதிக்கும், கொஞ்ச நேரத்தில் சப்பிலிருந்து கருகல் வாசனை வரும். வாசனை வந்தால் உடனே அணையுங்கள்.

இந்தத் தப்பு இருக்கும்போது ஆம்ப் முனையில் வயரை மாற்றிப் பிரயோசனமில்லை. இரண்டு காயில்களும் சேர்ந்து திரும்பும், ஒன்றுக்கொன்று எதிராகவேதான் இருக்கும். மீட்டரில் ஓம் பார்த்தாலும் மாட்டாது. மீட்டருக்குத் திசை தெரியாது. சரியாக இணைத்திருந்தாலும் தலைகீழாக இணைத்திருந்தாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அதற்குத்தான் டார்ச் பேட்டரி.

சோதனை இப்படி:

சப்புக்குப் போகும் வயரை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். சப்பைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, காயில்களுக்கு இடையே உள்ள இணைப்பு வயர்களையும் கழற்றிவிடுங்கள்.

முதல் காயிலின் பிளஸில் பேட்டரியின் பிளஸையும், மைனஸில் மைனஸையும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளிப்பக்கம் துள்ள வேண்டும். 1.5 வோல்ட்டுக்குப் பெரிதாக ஒன்றும் நகராது. நடுவில் உள்ள டஸ்ட் கேப்பின் மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டால் ‘டப்’ என்று மேலே தட்டுவது நன்றாகத் தெரியும்.

இரண்டாவது காயிலுக்கும் அதையே செய்யுங்கள். அதுவும் வெளிப்பக்கமே துள்ள வேண்டும்.

இரண்டும் சரி என்றால், திரும்ப இணைத்துவிட்டு, ஆம்புக்குப் போக வேண்டிய வயர் முனையிலேயே பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். தனித்தனியாகத் துள்ளிய கோன் இப்போது அசையவில்லை என்றால் கோளாறு இணைப்பில்தான்.

பாரலல் என்றால் இரண்டு பிளஸும் சேர்ந்து ஆம்பின் பிளஸுக்கு, இரண்டு மைனஸும் சேர்ந்து மைனஸுக்கு. சீரிஸ் என்றால் ஆம்பின் பிளஸ் முதல் காயிலின் பிளஸுக்கு. முதல் காயிலின் மைனஸ் இரண்டாவதன் பிளஸுக்கு. இரண்டாவதன் மைனஸ் ஆம்பின் மைனஸுக்கு. சீரிஸில் நடு வயரை மைனஸுக்கு மைனஸ் கொடுத்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. எனக்கு மாட்டிக் கொடுத்தவர் செய்திருந்ததும் அதுதான். பெட்டிக்குள் இருக்கும் வயர் என்பதால் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

பெட்டியைத் திறந்த கையோடு ஓமும் அளந்துவிடுங்கள். மீட்டர் காட்டுவது நேர்மின் தடை, அச்சிட்ட எண்ணைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 4 ஓம் காயில் தனியாகச் சுமார் 3.5 காட்டும். இரண்டு 4 ஓம் காயில் பாரலலில் 2-க்குச் சற்றுக் கீழே, சீரிஸில் 7 பக்கம். பாரலல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் 3.5 காட்டினால் ஒரு காயிலுக்கு இணைப்பே போகவில்லை. சீரிஸில் 8 ஓம் ஆகிவிட்டால் ஆம்ப் 2 ஓமில் தருவதாகச் சொன்ன வாட்ஸில் கால்வாசி வந்தாலே அதிகம். அதற்காக எதையும் யோசிக்காமல் பாரலலுக்கு மாற்றிவிட வேண்டாம். ஆம்ப் தாங்கும் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

5. பெட்டி

சப்பைத் திரும்பப் பொருத்தியதும், மூடிய பெட்டியாக இருந்தால் இரண்டு கைகளாலும் கோனைச் சமமாக மெதுவாக அழுத்தி விடுங்கள். காற்று கசியாத பெட்டியில் அது நிதானமாகத் திரும்பும். சந்தேகமாக இருந்தால் 40 ஹெர்ட்ஸ் டோனை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, வயர் முனைகள் உள்ள கிண்ணத்தைச் சுற்றியும் மூலைகளிலும் ஈரக் கையைக் காட்டுங்கள். கசிவு இருந்தால் சில்லென்று காற்று தட்டும்.

செடான் வண்டியில் டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவே சீட்டும் தகடும் தடுப்பாக நிற்கின்றன. சப்பைப் பின்பக்கம் பார்க்க வைத்து, பெட்டியை டிக்கிக் கதவுக்கு நெருக்கமாகத் தள்ளிப் பாருங்கள். பிறகு சீட்டோரம் வைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நகர்த்தலே வித்தியாசம் காட்டும். சீட்டை மடித்ததும் பேஸ் பொங்கினால் வயரிங்கில் குற்றமில்லை, வழிதான் அடைபட்டிருக்கிறது.

6. இப்போது கெயின்

கெயின் என்பது வால்யூம் அல்ல. ஹெட் யூனிட் தரும் வோல்டேஜுக்கும் ஆம்ப் எதிர்பார்ப்பதற்கும் பொருத்தம் பார்ப்பது மட்டுமே அதன் வேலை.

பேஸ் பூஸ்டைப் பூஜ்யத்தில் வையுங்கள், ஈக்வலைசரைத் தட்டையாக்குங்கள். சப்பின் வயரை ஆம்பிலிருந்து கழற்றி, கெயினை முழுதாகக் குறையுங்கள். 50 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு ஹெட் யூனிட் வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்தபடி கெயினை மெல்லக் கூட்டுங்கள். எந்த வோல்ட்டில் நிறுத்துவது? வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட்ஸ், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட். அதே 300 வாட்ஸ் 2 ஓமில் என்றால் 24.5. வாட்ஸ் என்பது ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய அல்லது தாங்கக்கூடிய பவர்) கணக்கு. ஆம்ப், சப் இரண்டில் எது குறைவோ அது. டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ‘மேக்ஸ்’ எண்ணை மறந்துவிடுங்கள். மீட்டர் முனைகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேஸ் பூஸ்ட் எனக்குப் பிடிக்காத குமிழ். 6 டெசிபல் கூட்டினால் அந்த ஒலிக்கு நான்கு மடங்கு பவர் வேண்டும். அது உங்கள் ஆம்பில் இல்லை.

7. கரண்ட்

மெல்லிய சத்தத்தில் நன்றாக இருந்து, சத்தம் ஏற ஏற பேஸ் தளர்ந்தால் இங்கே வாருங்கள். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி இன்ஜினை ஓடவிடுங்கள். ஆம்பின் பவர் முனையில் 13.5-லிருந்து 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். பாட்டு அடிக்கும்போது அது 12-க்குக் கீழே விழுந்தால் வயர் மெலிது, அல்லது எர்த் சரியில்லை. ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவே, பாட்டு ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தான் குற்றவாளி. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று தகடு தெரிந்த பிறகே போல்ட் போட வேண்டும். எர்த் வயர் 45 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது.

வயர் வாங்கும்போது முழுச் செம்பு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவுதான், ஆனால் அலுமினியம் கரண்ட்டைக் கடத்துவது செம்பின் திறனில் 60 சதவீதம் அளவுக்குத்தான். அதே கேஜ் (வயரின் தடிமன் எண்) என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கினால் ஏமாற்றம்.

பின்சேர்க்கை

கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் ஹை-லெவல் இன்புட்டில் (ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஆம்புக்கு சிக்னல் எடுப்பது) கொடுத்தவர்கள் இருவர் எழுதியிருந்தார்கள்: மேலே உள்ள எல்லாம் சரி, ஆனாலும் வால்யூமைக் கூட்டினால் பேஸ் மட்டும் கூட மறுக்கிறதாம். கோளாறு உங்கள் வேலையில் இல்லை. கதவில் உள்ள சின்ன ஸ்பீக்கர்கள் கிழியாமல் இருக்க, பல கம்பெனி ஸ்டீரியோக்கள் சத்தம் ஏறும்போது தாமாகவே பேஸைக் குறைத்துக்கொள்ளும். ஆம்புக்குப் போவதும் அந்தக் குறைந்த சிக்னல்தான். அதை ஈடுகட்டும் பேஸ் ரிஸ்டோரேஷன் வசதியுள்ள லைன் அவுட் கன்வர்ட்டரோ (ஸ்பீக்கர் சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றுவது) டிஎஸ்பியோ (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) நடுவில் போட வேண்டும், அல்லது ஹெட் யூனிட்டையே மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால் ஹெட் யூனிட்டை மாற்றலாம் என்பேன். ஆனால் ஏசி கன்ட்ரோலும் பார்க்கிங் கேமராவும் அந்தத் திரையிலேயே இருக்கும் வண்டிகளுக்கு டிஎஸ்பிதான் வழி.

இரண்டு சப் வைத்திருப்பவர்கள் நான்காவது படியை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செய்யுங்கள். ஒரு சப்பின் வயரைக் கழற்றினால் பேஸ் கூடுகிறது என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக ஓடுகின்றன.