கிராஸ் ஸ்டிட்ச் துணியை வட்டத் தொங்கலாக்குவது எப்படி?

போட்டு முடித்த கிராஸ் ஸ்டிட்ச் பீரோவில் மடிந்தே கிடக்கிறதா? ஒரு மாலைப்பொழுதில் அதை ஜன்னலில் தொங்கவிட்டுவிடலாம். கீழே உள்ள அளவுகள் 14 கவுண்ட் ஐடா துணிக்கு (கட்டம் கட்டமாக, துளைகளோடு நெய்த கிராஸ் ஸ்டிட்ச் துணி). அதில் ஓர் அங்குலத்துக்கு 14 தையல். ஆக, 42 தையல் அகலமுள்ள வட்ட டிசைன் 3 அங்குலம் வரும்.

அதற்கு 3½ அங்குல விட்டத்தில் இரண்டு அட்டை, அதே அளவில் இரண்டு ஷீட் பஞ்சு வெட்டுங்கள். அட்டை 2 மி.மீ. கனமுள்ள பைண்டிங் அட்டையாக இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகை அட்டை நூலை இழுத்ததுமே கிண்ணம் மாதிரி வளைந்துவிடும்.

முதலில் துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். மார்க்கர் கோடு இருக்கும்போதே இஸ்திரி போட்டால் சூட்டில் அது நிலைத்துவிடலாம். சிவப்பு நூல் சாயம் விட்டால், காயவிடாமல் திரும்பத் திரும்ப அலசுங்கள். பிறகு டர்க்கி டவலில் முகப்பைக் குப்புறப் போட்டுத் தேயுங்கள். நேராகத் தேய்த்தால் தையல் நசுங்கும்.

டிசைன் நடுவில் வர 5½ அங்குல வட்டமாகத் துணியை வெட்டுங்கள். ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே, இரட்டைப் பட்டன் நூலால் சுற்றிலும் ஓட்டுத் தையல். விளிம்பை ஒட்டிப் போட்டால் ஐடா பிரிந்து நூல் கழன்று வரும். ஒவ்வொரு தையலும் அரை செ.மீ.க்கு மேல் வேண்டாம். நீளமானால் விளிம்பு வட்டமாக வராமல் மூலை மூலையாகத் துருத்தும்.

துணியைக் குப்புற வைத்து, மேலே பஞ்சு, அதன்மேல் அட்டை. நூலைப் பாதி இழுத்ததும் திருப்பிப் பாருங்கள். ஐடா கட்டங்கள் கோணியிருந்தால் இப்போதே நகர்த்திவிடுங்கள், முடிச்சு விழுந்தபின் நகராது. பசை மட்டும் வேண்டாம். ஐடாவின் துளை வழியே முகப்புக்குக் கசியும்.

பின்பக்கத்துக்கு, இன்னொரு அட்டையில் காட்டன் துணியை இதேபோல் இழுத்துக் கட்டுங்கள். 8 அங்குல ரிப்பனை மடித்து, முனைகளை உச்சியில் இரண்டு வட்டங்களுக்கும் நடுவே வைத்துத் தைத்துவிட்டு, சுற்றிலும் மறைதையலால் இணையுங்கள். அடியில் 1 செ.மீ. இடைவெளி விடுங்கள். சுற்றளவு 11 அங்குலம். இணைப்பை மறைக்க 12 அங்குல முறுக்குக் கயிறு போதும். அதன் இரு முனைகளையும் அடியில் தொங்கவிடும் குஞ்சலத்தின் தலைநூலையும் அந்த இடைவெளிக்குள் திணித்துத் தைத்து மூடுங்கள்.