துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற வேண்டுமா? முதலில் இறுக்குங்கள்

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது விரிஞ்சிபுரத்தில் எங்கள் கிணறு நிரம்பி வழிந்தது. மோட்டார் பல நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்த பிறகு அதை மேலே தூக்க வேண்டும் என்றால் டெலிவரி பிளேஞ்சின் (தண்ணீர்க் குழாய் பம்போடு சேரும் இடத்தில் உள்ள தட்டையான வளையம்) நான்கு போல்ட்டுகளும் கழல வேண்டும். நான்கும் வெல்லக்கட்டி போல உப்பிப் பழுப்பேறி இருந்தன. எனக்கு அவசரம். ஸ்பேனரில் இரண்டடி பைப்பைச் செருகித் தொங்கினேன். ‘டக்’ என்றது. கழன்றுவிட்டது என்று மகிழ்ந்தேன். கையில் வந்தது தலை மட்டும். பாதி போல்ட் பம்பின் வார்ப்பிரும்புக்குள் நின்றுவிட்டது.

காட்பாடியிலிருந்து வந்த லேத் மேஸ்திரி அதைக் குனிந்து பார்த்துவிட்டு, “இறுக்கிப் பார்த்தாயா தம்பி?” என்று கேட்டார். கழற்ற வந்த இடத்தில் எதற்கு இறுக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மீதி மூன்றையும் அவர் கழற்றிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கிறது. மரைகளுக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அது புகுந்து ஆப்பு அடித்தது போல இறுகுகிறது. அந்த ஆப்பை உடைக்காமல் போல்ட்டை மட்டும் முறுக்கினால், எது பலவீனமோ அது முறியும்.

முதல் வேலை சுத்தம். மோட்டார் என்றால் அதற்கும் முன்னால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கம்பி பிரஷ்ஷால் போல்ட்டின் தலையையும் வெளியே தெரியும் மரையையும் பளபளப்பு தெரியும் வரை தேயுங்கள். மரை இடுக்கில் மண் இருந்தால் எண்ணெய் உள்ளே போகாது.

அடுத்தது எண்ணெய். கடையில் துரு நீக்கி ஸ்பிரே கிடைக்கும். எல்லோர் வாயிலும் வரும் டபிள்யூ.டி.-40, 1953-ல் அமெரிக்காவின் சான்டியேகோவில், ராக்கெட்டின் உலோகத் தோலிலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது; நாற்பதாவது முயற்சியில் சரிப்பட்டதால் அந்த எண். ஸ்பிரே இல்லாவிட்டால் இரண்டு பங்கு டீசலில் ஒரு பங்கு இன்ஜின் ஆயில் கலந்துகொள்ளுங்கள், போதும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் வேண்டாம். கெட்டியானவை, இடுக்கில் இறங்காமல் மேலேயே வழிந்து நிற்கும்.

ஊற்றிய கையோடு ஸ்பேனரை எடுக்காதீர்கள். மாலையில் ஊற்றினால் காலையில் தொடுங்கள். நடுவில் இரண்டு மூன்று முறை நனையுங்கள். கழற்றி எடுத்துப்போகக்கூடிய பாகமாக இருந்தால் எண்ணெய் விட்டு வெயிலில் வைக்கலாம். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது இரும்பு கை வைக்க முடியாமல் கொதிக்கும். எண்ணெயும் இளகி உள்ளே இறங்கும். வேலூர் வெயிலைத் திட்டாமல் நான் பயன்படுத்தும் ஒரே வேலை இதுதான்.

மறுநாள் சுத்தியல். போல்ட்டின் தலையில் நேராக, சின்னச் சின்னதாக இருபது முப்பது தட்டு. ஓங்கி அடித்தால் தலை நசுங்கி ஸ்பேனர் உட்காராது. மேஸ்திரி தட்டியதைப் பக்கத்தில் நின்று கவனித்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் விளிம்பைச் சுற்றித் துருத்தூள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சற்று நேரத்தில், அதுவரை வெளியே நின்ற எண்ணெய் சட்டென்று உள்வாங்கியது. “இப்போதுதான் குடிக்கிறது” என்றார்.

இனி ஸ்பேனர். இரண்டு பக்கம் மட்டும் கவ்வும் வாய் ஸ்பேனர் இந்த வேலைக்கு ஆகாது, முனைகளை மழுக்கிவிடும். ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர், அதுவும் சரியான அளவில். எங்களுடையது 12 மி.மீ. போல்ட், அதற்கு 19-ஆம் எண் ஸ்பேனர். ஆடினால் அது உங்கள் அளவு இல்லை.

முதலில் இறுக்கும் பக்கம், அதாவது வலப்புறமாக, ஓர் இழை மட்டும் அழுத்துங்கள். துருவின் பிடி உடைவதற்கு அந்த அசைவே போதும்; ‘கிர்ர்’ என்று ஒரு முனகல் கேட்கும். பிறகு இடப்புறம் கால் சுற்று. வந்தால் அப்படியே இழுத்துக்கொண்டு போகாமல் பாதி திரும்பி வந்து, எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. முன்னும் பின்னுமாக ஆட்டும்போது துருத்தூள் அரைபட்டு வெளியே வரும். (சைக்கிளின் இடது பெடல் இந்தக் கணக்கில் வராது; அதன் மரை தலைகீழ். வலப்புறம் திருப்பினால்தான் கழலும்.)

இதற்கும் மசியாவிட்டால் சூடு. எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, பெட்ரோலும் டீசலும் எட்ட இருக்கும் இடத்தில் புளோ லேம்ப்பை, அதாவது தீ ஊதும் கைவிளக்கைப் பிடியுங்கள். நட்டு இருந்தால் நட்டைச் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. 12 மி.மீ. துளை 200 டிகிரி சூடேறினால் விரிவது ஏறக்குறைய 0.03 மி.மீ.தான், துருவின் பிடியை விடுவிக்க அது போதும். சூட்டோடு மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே ஓடும். துத்தநாக முலாம் பூசிய போல்ட்டைச் சூடாக்கக் கூடாது, அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. வார்ப்பிரும்பை ஒரே இடத்தில் காய்ச்சினாலும், சூட்டில் தண்ணீர் ஊற்றினாலும் வெடிப்பு விடும்.

நட்டின் முனை ஏற்கெனவே மழுங்கியிருந்தால் மல்லுக்கட்டாமல் உளியால் பிளந்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான். புது நட்டு சில ரூபாய்.

எங்கள் மூன்று போல்ட்டுகளில் இரண்டு சூடு படாமலே வந்தன. மூன்றாவதற்கு மெழுகு தேவைப்பட்டது. நான் முறித்த நான்காவதைப் பம்போடு காட்பாடிக்கு எடுத்துப் போய், துளை போட்டு, புது மரை வெட்டினார்கள். இப்போது நான்கிலும் புது போல்ட், மரை முழுக்க கிரீஸ். வருடம் ஒருமுறை கிணற்றில் இறங்கி, நான்கையும் அரைச் சுற்று தளர்த்தி மறுபடி இறுக்கிவிட்டு வருகிறேன்.